புரியாததை மறுக்கும் நிரலுக்கும் மதிப்பெண் கொடுப்போம்

எங்கள் பள்ளி அறிவியல் கழகம் சேகரித்து வைத்திருந்த மழை அளவுகளில் 19 நாள் அளவு ஒரு வினாடிக்குள் காணாமல் போனது. மழைமானி பழுதாகவில்லை. மின்னல் தாக்கவில்லை. கணினியில் வைரஸ் புகவில்லை. படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருவர், தாமே எழுதிய நிரலை இயக்கும்போது இரண்டு சொற்களை இடம் மாற்றித் தட்டிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொடங்கிய திட்டம் அது. பள்ளிக் கூரையில் ஒரு மழைமானி. அதனுடன் இணைக்கப்பட்ட ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அது மழை அளவைப் பதியும். வானத்தையும் ஒரு படம் எடுக்கும். நாளுக்கு ஒரு கோப்புறை. படங்கள் சேரச் சேர நினைவக அட்டை நிறைந்துகொண்டே வந்தது. பென்டிரைவில் நகலெடுத்து முடித்த பழைய கோப்புறைகளை அழிப்பதற்காக அந்த மாணவி சி மொழியில் ஒரு சிறு நிரலை எழுதினார். அதற்குத் ‘துடைப்பம்’ என்று பெயரும் வைத்தார்.

துடைப்பத்துக்கு இரண்டு தெரிவுகள் உண்டு. ‘-டி’ என்பதற்குப் பின் ஓர் எண் வரும். அத்தனை நாளைவிடப் பழைய கோப்புறைகளை அது அழிக்கும். ‘-வி’ என்றால் எதையெல்லாம் அழிக்கிறது என்று திரையில் சொல்லிக்கொண்டே அழிக்கும். (கணினியில் இவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டுவோம், இங்கே ஒலிப்பைத் தமிழில் எழுதுகிறேன்.) அவர் தட்ட நினைத்தது இது:

துடைப்பம் -வி -டி 30

தட்டியது இது:

துடைப்பம் -டி -வி 30

திரையில் ஒரு சொல்லும் வரவில்லை. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. கோப்புறையைத் திறந்து பார்த்தபோது உள்ளே எதுவுமே இல்லை. மொத்தம் 41 நாள் அளவுகள் இருந்தன. நகல் எடுக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்திருந்தோம், முதல் 22 நாளுக்கு மட்டும். மீதி 19 நாள் போனது போனதுதான். அந்தப் பருவத்திலேயே மிகக் கனமாகப் பெய்த ஒரு மாலையும் அதற்குள் இருந்தது.

“டீச்சர், என் தப்புதான்” என்றார் மாணவி. அன்றைக்கு நானும் ஆமாம் என்பதுபோல் தலையசைத்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தலையசைப்புக்கு நான் எழுதும் திருத்தம். மனிதர்கள் தட்டச்சில் தவறுவார்கள், அது இயற்கை. ‘-வி’ என்பதை நாட்களின் எண்ணிக்கையாக ஏற்றுக்கொண்டு அழிக்கத் தொடங்கிய நிரலில்தான் குறை இருந்தது. நிரலை அப்படி எழுதக் கற்றுக்கொடுத்தது நான்.

ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தனக்குச் சொல்லப்பட்டது புரியாவிட்டால் வேலையைத் தொடங்காமல் நின்றுவிடுவது ஒரு நிரலின் முதற்கடமை. இதை நாம் பள்ளியில் கற்பிப்பதில்லை, சோதிப்பதில்லை, இதற்கு மதிப்பெண்ணும் கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டும்.

சொற்கள் நிரலுக்குள் எப்படிப் போகின்றன?

முதலில் நடந்ததைப் புரிந்துகொள்வோம். லினக்ஸ் போன்ற இயங்குதளத்தில் நாம் தட்டும் வரியை முதலில் படிப்பது ‘ஷெல்’ என்னும் நிரல். இடைவெளி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது வரியை வெட்டிச் சொற்களாக்குகிறது. பிறகு அந்தச் சொற்களின் பட்டியலுடன் நம் நிரலை இயக்கச் சொல்கிறது.

சி மொழியில் ஒவ்வொரு நிரலும் ‘மெயின்’ என்னும் செயற்கூறில் தொடங்கும். அதற்கு இரண்டு செய்திகள் வந்து சேரும். ஒன்று ‘ஆர்க்சி’: மொத்தம் எத்தனை சொற்கள் என்னும் எண்ணிக்கை. மற்றொன்று ‘ஆர்க்வி’: அந்தச் சொற்களின் பட்டியல். வழக்கமாக முதற்சொல் நிரலின் பெயராகவே இருக்கும். எங்கள் மாணவி தட்டிய வரியில் சொற்கள் நான்கு: துடைப்பம், -டி, -வி, 30.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நான்கும் வெறும் எழுத்துச் சரங்கள்தாம். ‘30’ என்பதுகூட எண் இல்லை; 3 என்னும் எழுத்தும் 0 என்னும் எழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன, அவ்வளவே. எது தெரிவு, எது அதற்குரிய மதிப்பு, எது கோப்பின் பெயர் என்று இயங்குதளம் நமக்குச் சொல்லாது. சி மொழியும் சொல்லாது. அர்த்தம் காண்பது முழுக்க முழுக்க நிரலை எழுதியவரின் பொறுப்பு.

இந்தப் பொறுப்பை முற்காலத்தில் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் நிறைவேற்றினார்கள். அதன் தடயங்கள் இன்றும் உண்டு. ‘டார்’ என்னும் பழைய கட்டளை சிறுகோடு இல்லாமலே தெரிவுகளை ஏற்கும். ‘டிடி’ என்னும் கட்டளைக்குச் சமக்குறி போட்டுச் சொல்ல வேண்டும். இந்தக் குழப்பத்தைக் குறைக்க ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யூனிக்ஸ் பிரிவில் உருவானதுதான் ‘கெட்ஆப்ட்’ என்னும் செயற்கூறு. 1985இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் அந்நிறுவனம் அதன் நிரல்வரிகளை எல்லாரும் பயன்படுத்த வெளியிட்டது. பின்னர் அது போசிக்ஸ் தரநிலையில் இடம்பெற்றது. இரண்டு சிறுகோடுகளுடன் தொடங்கும் நீளமான தெரிவுகளைக் குனூ திட்டத்தார் அதன்மேல் சேர்த்தார்கள்.

கெட்ஆப்ட்டைப் பயன்படுத்துவது எளிது. நம் நிரல் ஏற்கும் எழுத்துகளை ஒரு சரமாகக் கொடுக்க வேண்டும். மதிப்பு தேவைப்படும் எழுத்துக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி. துடைப்பத்துக்கு அது ‘டி:வி’. ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அடுத்த தெரிவின் எழுத்தைத் திருப்பித் தரும். தெரிவுகள் தீர்ந்ததும் -1 என்னும் எண்ணைத் தரும். தெரியாத எழுத்து வந்தாலோ, வர வேண்டிய மதிப்பு வராமலே வரி முடிந்துவிட்டாலோ கேள்விக்குறியைத் தரும்.

எங்கள் மாணவியும் கெட்ஆப்ட்டைத்தான் பயன்படுத்தினார். பிறகு ஏன் இப்படி ஆயிற்று?

திறந்து கிடந்த மூன்று கதவுகள்

‘-டி’க்கு மதிப்பு தேவை என்று சொல்லியாயிற்று. உடனே கெட்ஆப்ட் அடுத்த சொல்லை, அது என்னவாக இருந்தாலும், மதிப்பாக எடுத்துக்கொள்ளும். சிறுகோட்டில் தொடங்கினாலும் எடுத்துக்கொள்ளும். இது வழுவல்ல. ஒரு நிரலுக்கு வெப்பநிலையைச் சொல்ல வேண்டுமானால் ‘-5’ என்று தர வேண்டியிருக்கும் அல்லவா? சிறுகோடு வந்தால் மதிப்பாக இருக்க முடியாது என்று கெட்ஆப்ட் முடிவுகட்டினால் சுழியத்துக்குக் கீழான வெப்பநிலையைச் சொல்லவே முடியாது. அது சொல்லை எடுத்துக் கொடுக்கும். சொல் சரியா என்று பார்ப்பது நம் வேலை. ஆகவே துடைப்பத்தில் ‘-வி’ என்பது நாட்களின் எண்ணிக்கையாக வந்து சேர்ந்தது. விவரம் சொல்லும் தெரிவு விழுங்கப்பட்டதால்தான் திரையிலும் ஒன்றும் வரவில்லை.

அந்தச் சொல்லை எண்ணாக மாற்ற மாணவி பயன்படுத்தியது ‘ஏ-டு-ஐ’ என்னும் செயற்கூறு. பாடநூல்களிலும் பயிற்சிகளிலும் அடிக்கடி வருவது. ‘30’ என்று கொடுத்தால் 30 தரும். ‘-வி’ என்று கொடுத்தால்? 0 தரும். ‘வாழைப்பழம்’ என்று கொடுத்தாலும் 0 தரும். ‘0’ என்று கொடுத்தாலும் அதே 0 தரும். பயனர் உண்மையிலேயே சுழியம் என்று சொன்னாரா, அல்லது சொன்னது எண்ணே இல்லையா என்பதை அறிய வழியே இல்லை. அளவுக்கு மீறிய பெரிய எண்ணைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சி தரநிலை வரையறுக்கவே இல்லை.

0 நாளைவிடப் பழைய கோப்புறைகளை அழி. அதாவது எல்லாவற்றையும் அழி. துடைப்பம் சொன்னபடி செய்தது.

இந்த இழப்பை மூன்று இடங்களில் தடுத்திருக்கலாம். முதல் இடம், ‘-வி’ ஓர் எண் இல்லை என்று கண்டுகொள்வது. ஏ-டு-ஐக்குப் பதிலாக ‘எஸ்டிஆர்-டு-எல்’ என்னும் செயற்கூறு இருக்கிறது. எண்ணைத் தருவதோடு, சரத்தில் எந்த இடம்வரை படித்தேன் என்பதையும் அது சொல்லும். தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால் அங்கே எண்ணே இல்லை. நடுவில் நின்றால் ‘30நாள்’ என்பதுபோல் எண்ணுக்குப் பின் வேறேதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண் வரம்பை மீறினால் அதையும் ‘எர்நோ’ என்னும் மாறியின் வழியாகத் தெரிவிக்கும். மூன்றையும் சோதிக்க நான்கைந்து வரிகள் போதும்.

இரண்டாம் இடம், எண் சரியான வரம்பில் இருக்கிறதா என்று பார்ப்பது. பழைய கோப்புகளை அழிக்கும் நிரலில் 0 நாள் என்பதற்கோ -5 நாள் என்பதற்கோ என்ன பொருள்? 1 முதல் 365 வரை என்று வரம்பு வைத்திருந்தால் அந்த 19 நாளும் பிழைத்திருக்கும்.

மூன்றாம் இடம், யாரும் கவனிக்காத அந்த ‘30’. ‘-வி’யை மதிப்பாக எடுத்துக்கொண்ட பின் ‘30’ என்னும் சொல் அநாதையாக எஞ்சி நின்றது. தெரிவுகள் முடிந்தபின் எந்தச் சொல்லில் நிற்கிறோம் என்று கெட்ஆப்ட் ‘ஆப்ட்இண்ட்’ என்னும் மாறியில் குறித்து வைக்கும். நம் நிரலுக்கு வேறு சொற்களே தேவையில்லை என்றால், எஞ்சிய சொல் ஒன்று இருப்பதே ஏதோ தவறு நடந்திருக்கிறது என்பதற்கு அறிகுறி. துடைப்பம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுப்பதிலும் ஒரு முறை உண்டு. நிரல் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும்: 0 என்றால் வெற்றி, வேறெந்த எண்ணும் தோல்வி. ‘இது முடிந்தால் அடுத்ததைச் செய்’ என்று இரு கட்டளைகளைக் கோத்துத் தட்டும்போது ஷெல் இந்த எண்ணைத்தான் பார்க்கிறது. நகலெடுக்கும் நிரல் பிழைச் செய்தியை அழகாகக் காட்டிவிட்டு 0 என்று திருப்பித் தந்தால், நகல் எடுக்கப்படாமலே அடுத்து வரும் அழிக்கும் நிரல் ஓடிவிடும். செய்தி மனிதருக்கு, எண் மற்ற நிரல்களுக்கு. இரண்டிலுமே ‘முடியாது’ என்று சொல்லியாக வேண்டும்.

“வேலை செய்கிறது, டீச்சர்” என்பது போதாது

அதே கழகத்தில் இன்னொரு மாணவர் தம் மடிக்கணினியில் ஒரு நிரல் எழுதினார். கெட்ஆப்ட் தரும் விடையை ‘சார்’ என்னும் எழுத்து வகை மாறியில் வைத்தார். மடிக்கணினியில் நன்றாக ஓடியது. ராஸ்பெர்ரி பையில் போட்டதும் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். தெரிவுகள் தீர்ந்ததைச் சொல்ல கெட்ஆப்ட் -1 தருகிறது. இன்டெல் வகைச் செயலியில் லினக்ஸ் தொகுப்பிகள் ‘சார்’ வகையைக் குறை எண்களையும் ஏற்பதாக வைத்திருக்கின்றன. ராஸ்பெர்ரி பையில் உள்ள ஆர்ம் செயலியில் அது குறை எண் இல்லாத வகை. அங்கே -1 என்பது 255 ஆக மாறிவிடுகிறது. 255 ஒருபோதும் -1க்குச் சமம் ஆகாது, சுழற்சியும் முடியாது. முழு எண் வகை மாறியில் வைத்திருந்தால் எங்கும் ஒழுங்காக ஓடியிருக்கும். கெட்ஆப்ட் அந்த வகையில்தான் விடை தருகிறது.

என் கணினியில், நான் சரியாகத் தட்டினால், வேலை செய்கிறது. மாணவர்கள் நிறுத்தும் இடம் இதுதான். நாம் மதிப்பெண் போடும் இடமும் இதுதான்.

பெரியவர்களும் இடறிய இடம்

பள்ளிப் பிள்ளைகளின் நிரலைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேச வேண்டுமா என்று தோன்றலாம். உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த நிரல்களில் இதே வகைப் பிழை இருந்த மூன்று கதைகளைச் சொல்கிறேன்.

யூனிக்ஸ் கணினிகளில் பயனரை உள்ளே விடும் நிரலின் பெயர் ‘லாகின்’. அதற்கு ‘-எஃப்’ என்றொரு தெரிவு உண்டு: ‘இவரை ஏற்கனவே சோதித்தாயிற்று, கடவுச்சொல் கேட்காதே’ என்று பொருள். கணினிக்குள் இருக்கும் மற்ற நிரல்கள் பயன்படுத்துவதற்கான தெரிவு அது. வலையமைப்பு வழியாக ஒருவர் வரும்போது, அவர் சொல்லும் பெயரை வரவேற்கும் நிரல் வாங்கி லாகினிடம் ஒரு சொல்லாகக் கொடுக்கும். வருபவர் தம் பெயரே ‘-எஃப்ரூட்’ என்று சொன்னால்? லாகின் அதைப் பெயராகப் படிக்காமல் தெரிவாகப் படிக்கும். கணினியின் தலைமைப் பயனரான ‘ரூட்’ எனக் கருதி, கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். 1994இல் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்திலும் சில லினக்ஸ் பதிப்புகளிலும் இந்த ஓட்டை தெரியவந்தது. 2007இல் சொலாரிஸ் 10 இயங்குதளத்தின் டெல்நெட் சேவையில் இதே தந்திரம் மீண்டும் பலித்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அதே சிறுகோடு, அதே எழுத்து.

தரவாக இருக்க வேண்டியது கட்டளையாக மாறிவிட்டது என்பதே இதன் சாரம். இதற்கு மருந்தும் பழையதுதான். வெறும் இரண்டு சிறுகோடுகள் கொண்ட ஒரு சொல் வந்தால், ‘தெரிவுகள் இங்கே முடிந்தன, இனி வருவதெல்லாம் பெயர்களே’ என்று கெட்ஆப்ட் புரிந்துகொள்ளும். கோப்பின் பெயர் சிறுகோட்டில் தொடங்கினால் அதை அழிக்க முடியாமல் திணறியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது கதை ‘பிகேஎக்ஸெக்’. சாதாரணப் பயனர் ஒருவருக்கு, அனுமதி இருந்தால், தலைமை அதிகாரத்துடன் ஒரு நிரலை இயக்கித் தரும் லினக்ஸ் கருவி. உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற பெரிய லினக்ஸ் பதிப்புகளில் தொடக்கத்திலிருந்தே நிறுவப்பட்டிருந்தது. அதன் தெரிவுகளைப் படிக்கும் பகுதி, முதற்சொல் நிரலின் பெயர்தான் என்று நம்பி இரண்டாம் சொல்லிலிருந்து படிக்கத் தொடங்கியது. ஷெல் வழியாக இயக்கினால் அந்த நம்பிக்கை சரி. ஆனால் ஒரு நிரல் இன்னொரு நிரலை நேரடியாக இயக்கும்போது வெறும் பட்டியலையும் கொடுக்கலாம். அப்போது ஆர்க்சியின் மதிப்பு 0. சொல்லே இல்லாத பட்டியலில் இரண்டாம் சொல்லைத் தேடிய பிகேஎக்ஸெக், பட்டியலைத் தாண்டி நினைவகத்தில் அதற்கு அடுத்திருந்த சூழல் மாறிகளைப் படித்தது. அங்கே எழுதவும் செய்தது. அதைப் பயன்படுத்தி எந்தச் சாதாரணப் பயனரும் தலைமைப் பயனராகிவிட முடிந்தது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022 ஜனவரியில் இதை வெளியிட்டார்கள். அந்தப் பிழை 2009 மே மாதம் வந்த முதற்பதிப்பிலிருந்தே இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல், ‘சொல் ஒன்றுகூட இல்லையென்றால்?’ என்னும் கேள்வி அந்த நிரலில் எழுப்பப்படவில்லை. பின்னர் லினக்ஸ் கெர்னலே வெறும் பட்டியலை அப்படியே கடத்தாதபடி மாற்றப்பட்டது.

மூன்றாவது, எல்லா லினக்ஸ் பயனர்களும் அறிந்த ‘சூடோ’. அதற்குச் ‘சூடோஎடிட்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. ஒரு பெயரில் அழைத்தால் ஏற்கக்கூடாதென்று விலக்கப்பட்டிருந்த தெரிவுச் சேர்க்கையை மற்றொரு பெயரில் அழைத்தபோது சோதிக்க மறந்திருந்தார்கள். அந்த வழியாக நுழைந்து, பின்சாய்வுக் கோட்டில் முடியும் ஒரு சொல்லைக் கொடுத்தால் நிரல் தனக்குரிய நினைவகத்தைத் தாண்டி எழுதியது. 2011இல் நுழைந்த இந்தப் பிழை 2021 ஜனவரியில்தான் வெளிவந்தது. கண்டுபிடித்தவர்கள் அதே குவாலிஸ் ஆய்வாளர்கள்.

மூன்றிலுமே உள்ளே இருந்த முக்கிய வேலையில் பிழை இல்லை. வாசலில் வந்த சொற்களைச் சரிபார்த்ததில்தான் பிழை.

மறுப்புகளும் என் பதில்களும்

இதை நண்பர்களிடம் சொன்னபோது சில மறுப்புகள் வந்தன. முதல் மறுப்பு: “சி மொழி பழையது; இப்போது எல்லாம் பைத்தான்தானே?” உண்மைதான். பைத்தானின் ‘ஆர்க்பார்ஸ்’ தொகுதியைப் பயன்படுத்தி, ‘-டி’க்கு வருவது முழு எண் என்று சொல்லி வைத்திருந்தால், எங்கள் மாணவி தட்டிய வரியை அது ஏற்றிருக்காது. ‘-டி’க்கு மதிப்பு வரவில்லை என்று சொல்லி நின்றிருக்கும். அன்றாட வேலைக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் ‘முழு எண்’ என்று சொல்லி வைக்க வேண்டும் என்பதும், 0 நாளையும் -5 நாளையும் அப்போதும் நாமே தடுக்க வேண்டும் என்பதும் மாறவில்லை. கருவி பாதிப் பொறுப்பை ஏற்கும். எந்தப் பாதி என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள, எல்லாவற்றையும் நாமே செய்தாக வேண்டிய சி மொழியைவிட நல்ல வகுப்பறை இல்லை.

இரண்டாம் மறுப்பு: “இது பாதுகாப்பு வல்லுநர்களின் பாடம், தொடக்கநிலை மாணவருக்கு எதற்கு?” பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய ‘தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்’ நூல் தொடக்கநிலை வாசகரையும் மனத்தில் கொண்டதுதான். அதில் கட்டளை வரித் தெரிவுகளை விளக்க வரும் எடுத்துக்காட்டு, ஓர் உரையில் குறிப்பிட்ட சொல் உள்ள வரிகளைத் தேடும் சிறு நிரல். அந்தச் சிறு நிரலிலும் தெரியாத தெரிவு வந்தால் ‘இந்தத் தெரிவு செல்லாது’ என்று சொல்லித் தேடாமல் நிற்கும் பகுதி இருக்கிறது. முதல் பாடத்திலேயே மறுப்பைச் சேர்த்துக் கற்பித்தார்கள். அந்த வரிகளை விட்டுவிட்டுக் கற்பிப்பவர்கள் நாம்.

மூன்றாவது மறுப்பு என் சக ஆசிரியர்களுடையது. அதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். “பாடவேளை போதாது. ஒரு நிரலை ஓடவைப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. இதில் தவறான உள்ளீட்டுக்கு எங்கே போவது?” நியாயமான கேள்வி. ஆனால் புதிய பாடம் ஒன்றையும் நான் சேர்க்கச் சொல்லவில்லை. மதிப்பெண்ணைப் பங்கிடும் முறையை மட்டும் மாற்றச் சொல்கிறேன். பத்து மதிப்பெண்ணில் ஏழு, சரியான உள்ளீட்டுக்குச் சரியான விடை தருவதற்கு. மூன்று, தவறான உள்ளீட்டை மறுப்பதற்கு. எதற்கு மதிப்பெண் உண்டோ அதை மாணவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். ஆசிரியராக இருக்கும் எவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

உங்கள் வீட்டில் நிரல் எழுதும் பிள்ளை இருந்தால், அடுத்த முறை “ஓடுது பாருங்கப்பா” என்று காட்டும்போது பாராட்டிவிட்டு, இந்த ஆறையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒன்று, நிரலின் பெயரை மட்டும் தட்டுங்கள். இரண்டு, மதிப்பு தேவைப்படும் தெரிவை மதிப்பில்லாமல் தட்டுங்கள். மூன்று, எண் வர வேண்டிய இடத்தில் உங்கள் பெயரைத் தட்டுங்கள். நான்கு, குறை எண்ணையும் இருபது இலக்க எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். ஐந்து, நிரலுக்குத் தெரியாத ஒரு தெரிவைக் கொடுங்கள். ஆறு, எல்லாவற்றையும் சரியாகத் தட்டிவிட்டுக் கடைசியில் தேவையில்லாத சொல் ஒன்றைச் சேருங்கள்.

ஒவ்வொரு முறையும் நிரல் என்ன தவறென்று ஒரு வரியில் சொல்லி, எப்படித் தட்ட வேண்டும் என்று காட்டி, வேறெதையும் செய்யாமல் நிற்க வேண்டும். நின்றால் அது நல்ல நிரல். எதையாவது அழிக்கும் நிரலானால் இன்னொன்றும் கேளுங்கள்: எவற்றை அழிக்கப் போகிறாய் என்று முதலில் பட்டியல் காட்டுகிறதா? பட்டியலைக் காட்டுவதை இயல்பான நடத்தையாகவும், உண்மையில் அழிப்பதைத் தனித் தெரிவாகவும் வைப்பது இன்னும் பாதுகாப்பானது.

எங்கள் மாணவி துடைப்பத்தைத் திருத்தி எழுதினார். இப்போது அதே தவறான வரியைத் தட்டினால், நாட்களின் எண்ணிக்கை 1 முதல் 365க்குள் ஓர் எண்ணாக இருக்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிடுகிறது. அறிவியல் கண்காட்சிக்கு எஞ்சிய 22 நாள் அளவுகளுடன்தான் போனோம். வரைபடம் பாதியிலேயே நின்றது. அதன் அருகில் அந்த மாணவி தாம் தட்டிய தவறான வரியைப் பெரிய எழுத்தில் ஒட்டி, பழைய நிரல் என்ன செய்தது, புதிய நிரல் என்ன செய்கிறது என்று எழுதி வைத்தார். மழையைப் பற்றிக் கேட்க வந்தவர்களைவிட அந்த வரியைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். எங்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

இந்த ஆண்டு முதல் எங்கள் கழகத்தில் எந்த நிரலையும் நான் முதலில் தவறாகத்தான் இயக்கிப் பார்க்கிறேன். மூன்று மதிப்பெண் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் பள்ளியிலும் ஒதுக்குங்கள்.